குறைந்துபோன வெளிச்சத்தின் கணக்கு

2014 டிசம்பரில் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா ஓர் உலக வரைபடத்தை வெளியிட்டது. அதே ஆண்டு ஜூலை 2-ஆம் தேதி ஏவப்பட்ட ஓ.சி.ஓ.-2 என்ற செயற்கைக்கோள், அக்டோபர் தொடக்கத்திலிருந்து நவம்பர் நடுப்பகுதி வரை திரட்டிய அளவீடுகளைக் கொண்டு வரைந்த படம் அது. காற்றில் கரியமில வாயு எங்கே அதிகம், எங்கே குறைவு என்று நிறம் பிரித்துக் காட்டியது. ஆப்பிரிக்காவின் தென்பகுதி, பிரேசிலின் கிழக்குப் பகுதி, ஆஸ்திரேலியாவின் வடபகுதி ஆகியவற்றின் மேல் அடர்ந்த சிவப்பு. தொழிற்சாலைகளும் கார்களும் நிறைந்த நாடுகள் பலவற்றின் மேல் அந்த அளவுக்குச் சிவப்பு இல்லை. பருவநிலை மாற்றத்தை ஏற்க மனமில்லாதவர்களுக்கு அந்தப் படம் கையில் கிடைத்த ஆயுதமானது. புகைபோக்கிகளைக் குறை சொன்னீர்களே, இதோ காடுகள் அல்லவா வாயுவைக் கக்குகின்றன என்றார்கள். உண்மையில் அது தென்கோளத்தின் வசந்தகாலம். காய்ந்த புல்வெளிகளுக்கும் அறுவடை முடிந்த நிலங்களுக்கும் தீ வைக்கும் பருவம். வடகோளத்திலோ கோடை முழுக்க மரங்களும் பயிர்களும் காற்றிலிருந்து வாயுவை இழுத்து முடித்திருந்த நேரம். படம் பொய் சொல்லவில்லை. அது காட்டியது அந்த ஆறு வாரங்களில் காற்றில் இருந்த அளவைத்தான்; யார் எவ்வளவு வெளியிட்டார்கள் என்பதை அல்ல. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பிடிபடாதவரை, விண்ணிலிருந்து கரியமில வாயுவை அளப்பது என்ற பேச்சே குழப்பமாகத்தான் இருக்கும். செயற்கைக்கோள் தருவது தீர்ப்பு அல்ல, கணக்கின் ஒரு பக்கம் மட்டுமே. மறுபக்கம் தரையில் எழுதப்படுகிறது. அந்தப் பக்கம் இல்லாமல் வானத்து எண்ணுக்கு மதிப்பு மிகக் குறைவு என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

தரைக் கணக்கு முந்தியது. 1958 மார்ச்சில் ஹவாய்த் தீவின் மௌனா லோவா எரிமலைச் சரிவில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,400 மீட்டர் உயரத்தில், அறிவியலாளர் சார்லஸ் டேவிட் கீலிங் காற்றை அளக்கத் தொடங்கினார். அன்று கிடைத்த அளவு சுமார் 313 பி.பி.எம். அதாவது, ஈரம் நீக்கிய காற்றின் பத்து லட்சம் மூலக்கூறுகளில் 313 மூலக்கூறுகள் கரியமில வாயு. தொழிற்புரட்சிக்கு முன் இது 280 அளவில் இருந்தது என்று அண்டார்டிக் பனிக்குள் சிக்கிய காற்றுக் குமிழ்கள் சொல்கின்றன. 2025 மே மாதம் மௌனா லோவாவின் மாதச் சராசரி 430-ஐத் தாண்டிவிட்டது. பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதுபோல, பெருங்கடல் நடுவே நிற்கும் ஒற்றை மலையின் காற்று உலகத்துக்கே அளவுகோலாக ஆனது. ஆக முடிந்ததற்குக் காரணம் உண்டு. கரியமில வாயு எளிதில் சிதையாது. காற்று அதை ஓராண்டுக்குள் பூமி முழுதும் ஓரளவு கலக்கிவிடும். கலக்கிய பானையில் எந்தப் பருக்கையை எடுத்தாலும் பதம் ஒன்றுதான்.

பதம் தெரிந்தால் போதுமா? மனிதர்கள் நிலக்கரி, பெட்ரோலியம், எரிவாயு, சிமெண்டு ஆகியவற்றால் ஆண்டுக்குச் சுமார் 3,700 கோடி டன் கரியமில வாயுவை வெளியிடுகிறார்கள். அத்தனையும் காற்றிலேயே தங்கினால் அளவு ஆண்டுக்கு நாலரை பி.பி.எம்.-க்கும் மேல் ஏற வேண்டும். ஏறுவது சராசரியாக இரண்டரை. மீதியைக் கடலும் நிலமும் வாங்கிக்கொள்கின்றன. கடலின் பங்கை ஓரளவு திடமாகக் கணக்கிட முடிகிறது. நிலத்தின் பங்குதான் பிடிகொடுக்காதது. ஓராண்டு நிறைய வாங்கும், அடுத்த ஆண்டு கையை விரித்துவிடும். 2023-இலிருந்து 2024-க்குள் உலகச் சராசரி 3.5 பி.பி.எம். கூடியது, நேரடி அளவீடு தொடங்கிய நாளிலிருந்து ஓராண்டில் இவ்வளவு கூடியதில்லை. மனிதர்களின் புகை அந்த ஓராண்டில் திடீரென்று அவ்வளவு பெருகிவிடவில்லை. எந்தக் காடு வாங்க மறுத்தது, எந்தப் புல்வெளி திருப்பிக் கொடுத்தது என்று கேட்டால், ஒரு சோற்றுப் பதத்தால் பதில் சொல்ல முடியாது. தரை நிலையங்கள் இப்போது நூற்றுக்கு மேல் இருக்கின்றன. ஆனால் அவை ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் நெருக்கமாகவும், காட்டின் உயிர்த்துடிப்பு மிகுந்த வெப்பமண்டலத்தில் மிக அரிதாகவும் இருக்கின்றன. செயற்கைக்கோளின் தேவை இந்த இடத்தில்தான் பிறக்கிறது.

இனி, 705 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் கருவி, நிறமும் மணமும் இல்லாத ஒரு வாயுவை எப்படி எண்ணுகிறது? அது வாயுவைப் பார்ப்பதே இல்லை. வாயு தின்றுவிட்ட வெளிச்சத்தைக் கணக்கெடுக்கிறது. சூரிய ஒளி காற்றைத் துளைத்துக்கொண்டு கீழே வருகிறது, நிலத்தில் பட்டு மறுபடி மேலே போகிறது. இரண்டு வழியிலும் கரியமில வாயு தனக்கே உரிய சில அலைநீளங்களில் மட்டும் ஒளியை உட்கவர்கிறது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில் 1.61 மைக்ரான், 2.06 மைக்ரான் ஆகிய இரண்டு இடங்களைச் சுற்றி அந்தத் தடங்கள் இருக்கின்றன. ஓ.சி.ஓ.-2 தன்னிடம் வரும் ஒளியை இந்தப் பட்டைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நுண்ணிய நிறக்கூறுகளாகப் பிரிக்கிறது. பிரித்துப் பார்த்தால் பல் உடைந்த சீப்பு போல இடையிடையே இருண்ட கோடுகள். கோடு எவ்வளவு ஆழமோ, ஒளி வந்த வழியில் அவ்வளவு வாயு. ஆனால் கோட்டின் ஆழம் வாயுவின் அளவை மட்டும் பொறுத்ததல்ல, ஒளி நடந்த தூரத்தையும் பொறுத்தது. மலையுச்சியில் பட்டுத் திரும்பிய ஒளி குறைந்த காற்றையும், கடலோரச் சமவெளியில் பட்டுத் திரும்பியது கூடுதல் காற்றையும் கடந்திருக்கும். இதைத் தீர்க்க மூன்றாவது பட்டை ஒன்று உண்டு. 0.76 மைக்ரானில் உயிர்வளி, அதாவது ஆக்சிஜன், உண்டாக்கும் கோடுகள். உலர்ந்த காற்றில் ஆக்சிஜனின் பங்கு எங்கு போனாலும் நூற்றுக்குச் சுமார் 20.95. மாறாத அந்த ஒன்றை அளவுகோலாக வைத்து, மாறுகிற இன்னொன்றை அளக்கிறார்கள். தராசில் படிக்கல் வைப்பது போலத்தான்.

சிக்கல் என்னவென்றால், இந்தத் தராசு மிக நுட்பமான எடையைக் காட்டியாக வேண்டும். தரையிலிருந்து வளிமண்டலத்தின் உச்சி வரை உள்ள காற்றுத் தூண் முழுவதன் சராசரியைச் செயற்கைக்கோள் தருகிறது. ஒரு பெரிய நகரமோ மின்நிலையமோ தரையருகே எவ்வளவு வாயுவைக் கொட்டினாலும், அந்தத் தூண் முழுக்கப் பரப்பிப் பார்த்தால் பெரும்பாலும் ஒன்றிரண்டு பி.பி.எம். கூடுதல்தான் தெரியும். நானூறு ரூபாய்ச் சில்லறைக் குவியலில் ஒரு ரூபாய் கூடியிருக்கிறதா என்று தொலைவிலிருந்து பார்த்துச் சொல்வதற்கு ஒப்பான வேலை இது. 2020-இல் ஊரடங்கின்போது உலகின் புகை நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் குறைந்தது. வானம் நீலமானதைக் கண்ணால் கண்டோம், ஆனால் கரியமில வாயுவின் அளவு அந்த ஆண்டும் ஏறத்தான் செய்தது. குறைந்த வேகம் தூணின் சராசரியில் ஒரு பி.பி.எம்.-க்கும் கீழான தடமாகத்தான் பதிந்தது. ஆகவே கரியமில வாயுவைக் கண்டுபிடிப்பது கடினமில்லை, அது எங்கும் இருக்கிறது. இங்குள்ளதற்கும் அங்குள்ளதற்கும் இடையே உள்ள சொற்ப வேறுபாட்டைப் பிழையில்லாமல் சொல்வதுதான் கடினம். தூசியோ மெல்லிய முகிலோ குறுக்கே வந்தால், ஒளியின் ஒரு பகுதி நிலம்வரை போகாமலே நடுவழியில் சிதறித் திரும்பிவிடும். அந்தக் குறுக்குவழி கணக்கைக் கெடுத்துவிடும்.

இதை முதலில் செய்யத் துணிந்தவர்களின் கதையில் ஒரு கசப்பும் உண்டு. 2002 முதல் 2012 வரை இயங்கிய ஐரோப்பாவின் என்விசாட் செயற்கைக்கோளில் இருந்த ஒரு கருவி இந்த வழியில் சில அடிகள் எடுத்துவைத்திருந்தது. ஆனால் இந்த வேலைக்கென்றே பிறந்த முதல் செயற்கைக்கோள், 2009 ஜனவரி 23 அன்று ஜப்பான் ஏவிய கோசாட். அதற்கு அவர்கள் இட்ட செல்லப்பெயர் இபுகி. மூச்சு என்று பொருள். ஒரு மாதம் கழித்து, பிப்ரவரி 24 அன்று, அமெரிக்காவின் ஓ.சி.ஓ. கிளம்பியது. ராக்கெட்டின் முனையில் செயற்கைக்கோளை மூடியிருந்த கவசம் பிரியவில்லை. கூடுதல் பாரத்தோடு சுற்றுப்பாதையை எட்ட முடியாமல் அண்டார்டிகா அருகே கடலில் விழுந்தது. கவசத்தைப் பிரிக்கும் பாகத்துக்கான அலுமினியம் தரம் குறைந்தது என்றும், அதன் சோதனைச் சான்றிதழ்கள் திருத்தப்பட்டவை என்றும் பத்து ஆண்டுகள் கழித்து நாசா அறிவித்தது. ஒரு பி.பி.எம். துல்லியத்துக்காகப் பல ஆண்டு உழைத்த கருவி, ஓர் உலோகத் துண்டின் பொய்க் கணக்கால் மூழ்கியது. கருவியை இழந்த அமெரிக்கக் குழுவை ஜப்பானியர்கள் தங்கள் தரவுகளில் சேர்ந்து வேலை செய்ய அழைத்தார்கள். அடுத்த ஐந்தாண்டுகள் இரண்டு குழுக்களும் இபுகியின் எண்களோடுதான் மல்லுக்கட்டின. பின்னால் வந்த ஓ.சி.ஓ.-2 நன்றாக வேலை செய்ததற்கு அந்த மல்லுக்கட்டு ஒரு காரணம்.

மல்லுக்கட்டு என்று சொல்வது மிகையில்லை. இபுகியின் தொடக்க முடிவுகளைத் தரை அளவீடுகளோடு ஒப்பிட்டபோது, அவை 8 பி.பி.எம்.-க்கும் மேல் குறைவாகக் காட்டின. மூன்று நான்கு ஆண்டு ஏற்றத்துக்குச் சமமான பிழை. இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழுகிறது. செயற்கைக்கோள் அளக்கவில்லை, ஊகிக்கிறது. ஒளியை எண்ணாக மாற்றுவது கணினிக் கணக்கு. கணக்கைத் திருத்தி வேண்டிய விடையை வரவழைக்கலாமே? ஊகிக்கிறது என்ற பாதி உண்மை. காய்ச்சல்மானியும் பாதரசத்தின் விரிவைத்தான் காட்டுகிறது, காய்ச்சலை நாம்தான் ஊகிக்கிறோம். ஆகவே கேட்க வேண்டியது, அந்த ஊகத்தை எதோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கிறோம் என்பதுதான். இதற்காகவே தரையில் ஒரு வலையமைப்பு இருக்கிறது. 2004-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துப் பார்க் ஃபால்ஸ் ஊரில் தொடங்கிப் பல நாடுகளில் பரவிய இந்த நிலையங்கள், சூரியனை நேராகப் பார்த்து அதே காற்றுத் தூணைக் கீழிருந்து அளக்கின்றன. ஒளி ஒரே வழியில் நேரே வருவதால் தூசியின் தொல்லை குறைவு. ஆனால் அவையும் ஒளிக்கோடுகளை நம்பியவைதாமே? ஆகவே அந்த நிலையங்களுக்கு மேலே விமானங்களை ஏற்றி இறக்கி, உயரம் உயரமாகக் காற்றை நேரடியாக அளந்து, அந்த எண்ணோடு ஒப்பிட்டுத் திருத்துகிறார்கள். விமானத்தின் கருவியைத் திருத்துவது உருளைகளில் அடைத்த, அளவு தெரிந்த காற்று. அந்த உருளைகளின் மூலப் பிரதிகள் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்துப் போல்டர் நகர ஆய்வகத்தில் இருக்கின்றன. உலக வானிலை அமைப்பு ஏற்ற அளவுகோல் அதுதான். விண்ணில் பறக்கும் கோடிக்கணக்கான எண்களின் சங்கிலியைப் பிடித்துக்கொண்டே கீழே வந்தால், கடைசியில் ஓர் அறையில் வரிசையாக நிற்கும் உலோக உருளைகளில் வந்து முடிகிறது. இபுகியின் பிழை அம்பலமானதும் திருத்தப்பட்டதும் இந்தச் சங்கிலியால்தான். வேண்டிய விடையை வரவழைக்க நினைப்பவன் முதலில் இந்தச் சங்கிலியை அறுக்க வேண்டியிருக்கும்.

இப்படித் திருத்தப்பட்ட எண்கள் தந்த பலன் சிறிதல்ல. 2015-16-இல் வலுவான எல் நினோ, அதாவது பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் நிலை, வந்தது. காற்றில் கரியமில வாயு வழக்கத்தைவிட வேகமாக ஏறியது. எல் நினோ ஆண்டுகளில் இப்படி நடக்கும் என்பது மௌனா லோவாவிலிருந்து ஏற்கெனவே தெரியும், காரணம்தான் தெரியாது. வறட்சியா, வெப்பமா, தீயா என்று விவாதம் நடந்தது. ஓ.சி.ஓ.-2, இபுகி இரண்டின் அளவீடுகளையும் வைத்து 2017-இல் வெளியான ஆய்வு, 2011-ஐ ஒப்பிடும்போது 2015-இல் வெப்பமண்டல நிலப்பரப்பு கார்பன் எடையில் சுமார் 250 கோடி டன் கூடுதலாகக் காற்றுக்குக் கொடுத்தது என்று காட்டியது. அதைவிடச் சுவையானது, மூன்று கண்டங்கள் மூன்று காரணங்களால் ஒரே விளைவைத் தந்தன என்ற முடிவு. தென் அமெரிக்காவில் மழை பொய்த்து மரங்களின் ஒளிச்சேர்க்கை தளர்ந்தது. ஆப்பிரிக்காவில் வெப்பம் கூடி, மண்ணில் மட்கும் பொருள்கள் விரைவாக மட்கின. ஆசியாவில், பெரும்பாலும் இந்தோனேசியாவில், தீ. ஒளிச்சேர்க்கை தளர்ந்ததை எப்படி அறிந்தார்கள் என்பதும் சொல்லத் தகுந்தது. இலையின் பச்சையம் ஒளியை வாங்கும்போது அதில் மிகச் சிறு பகுதியைச் சிவப்பு மினுக்கமாகத் திருப்பி விடுகிறது. ஆக்சிஜனுக்காக வைத்த பட்டையிலேயே அந்த மினுக்கமும் பதிகிறது. படிக்கல்லாக வைத்த பட்டை, காட்டின் நாடித்துடிப்பையும் கேட்டது. ஒற்றை மலையில் எத்தனை ஆண்டு அளந்தாலும் இந்தப் பிரிப்பு கிடைத்திருக்காது.

அப்படியென்றால் நாடுகளையும் ஆலைகளையும் கையும் களவுமாகப் பிடித்துவிடலாமே என்ற ஆவல் வரும். அரசியல்வாதிகளுக்கும் செய்தித்தாள்களுக்கும் இந்த ஆவல் மிகுதி. கொஞ்சம் அடித்தளமும் உண்டு. கனடிய ஆய்வாளர் ரே நாசரும் குழுவினரும் 2017-இல், ஓ.சி.ஓ.-2 கடந்துபோன தருணங்களில் தனித்தனி அனல் மின்நிலையங்களின் புகையை மதிப்பிட்டார்கள். அமெரிக்க நிலையங்களில் நாள்தோறும் பதியப்படும் கணக்கோடு ஒப்பிட்டபோது வேறுபாடு நூற்றுக்கு 17-ஐத் தாண்டவில்லை. மத்தியப் பிரதேசத்தின் சாசன் நிலையமும் அந்த ஆய்வில் இடம்பெற்றது. பிறகு ஐரோப்பாவின் மிகப் பெரிய நிலக்கரி மின்நிலையமான போலந்தின் பெவ்ஹாத்துஃப் உற்பத்தியைக் குறைத்துக்கொண்டே வந்ததை விண்ணிலிருந்தே பின்தொடர்ந்தார்கள். ஆனால் சற்று நிதானிக்க வேண்டும். ஓ.சி.ஓ.-2 பார்க்கும் பட்டையின் அகலம் பத்து கிலோமீட்டர்தான். அது 16 நாளில் 233 முறை பூமியைச் சுற்றுகிறது. நிலநடுக்கோட்டில் ஒரு தடத்துக்கும் அடுத்த தடத்துக்கும் 170 கிலோமீட்டர் இடைவெளி விழுகிறது. நடுவே இருப்பவை அதன் கண்ணில் படுவதே இல்லை. படுகிற இடத்திலும் பிற்பகல் ஒன்றரை மணியளவில் ஒரு நொடிப் பார்வைதான். புகையின் அடர்த்தியை வெளியீடாக மாற்றக் காற்றின் வேகம் வேண்டும். காற்றின் வேகத்தில் நூற்றுக்கு இருபது பிழை என்றால் விடையிலும் இருபது பிழை. மூலக்கூறின் மேல் யாருடையது என்று முத்திரையும் கிடையாது. அனல் மின்நிலையத்திலிருந்து வந்ததும் எரிந்த வைக்கோலிலிருந்து வந்ததும் ஒளிக்கு ஒன்றே. அதனால்தான் 2025 ஜூனில் ஜப்பான் ஏவிய அடுத்த செயற்கைக்கோளும், ஐரோப்பா திட்டமிட்டிருப்பவையும், எரிபொருள் எரியும்போது கூடவே பிறந்து சில மணி நேரத்தில் மறையும் நைட்ரஜன் டை ஆக்சைடையும் சேர்த்து அளக்கின்றன. இதெல்லாம் தணிக்கையாளரின் வேலை. நாடுகள் தாமே எழுதித் தரும் கணக்கு நம்பத் தகுந்ததா என்று ஒத்துப் பார்ப்பது. அதற்குமேல் எதிர்பார்ப்பவர்கள், முதல் வரைபடத்தைப் பார்த்துக் காடுகளைக் குற்றவாளி ஆக்கியவர்கள் செய்த தவற்றையே வேறு வடிவில் செய்கிறார்கள்.

தரை இல்லாத இடத்தில் வானம் எப்படித் தடுமாறும் என்பதற்கு ஆப்பிரிக்காவே சான்று. 2019-இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தின் பால் பாமர் தலைமையில் வெளியான ஆய்வு, ஓ.சி.ஓ.-2, இபுகி ஆகிய இரண்டு செயற்கைக்கோள்களின் அளவீடுகளும் வெப்பமண்டல ஆப்பிரிக்காவின் வடபகுதியில் பெரும் வெளியேற்றத்தைக் காட்டுகின்றன என்றது. எத்தியோப்பியாவின் மேற்குப் பகுதியும் அதில் அடக்கம். உண்மையாக இருந்தால் உலகக் கணக்கையே மாற்றி எழுத வேண்டிய செய்தி. ஆனால் அதே பகுதியின் மேல்தான் சகாராவின் தூசி பறக்கிறது. தூசி கணக்கைக் கெடுக்கும் என்று மேலே பார்த்தோம். சரிபார்க்கக் கீழிருந்து தூணை அளக்கும் நிலையம் அந்தக் கண்டத்தின் நிலப்பரப்பில் அன்று ஒன்றுகூட இல்லை. தீவுகளில் உண்டு, கண்டத்தில் இல்லை. இரண்டு செயற்கைக்கோள்கள் ஒத்துப்போவது ஆறுதலான விஷயம்தான். ஆனால் ஒரே வகைப் பிழைக்கு ஆளாகும் இரண்டு சாட்சிகள் ஒரே பொய்யைச் சொல்லவும் கூடும். ஐரோப்பாவின் காடுகள் எவ்வளவு உறிஞ்சுகின்றன என்பதிலும் செயற்கைக்கோள் ஓர் எண்ணும் தரை வேறோர் எண்ணும் சொன்னதுண்டு. அங்கே நிலையங்கள் நெருக்கமாக இருந்ததால் விவாதமாவது நடத்த முடிந்தது.

நம் பக்கத்துச் சிக்கல் தூசியைவிட முகில். எடுக்கும் அளவீடுகளில் பெரும்பகுதியை முகில் காரணமாகவே ஓ.சி.ஓ.-2 கழித்துவிடுகிறது, நாளுக்குப் பத்து லட்சம் அளவில் எடுத்தாலும் பத்தில் ஒரு பங்கு தேறினால் நல்லது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையின்போது இந்தியாவின் பெரும்பகுதி அதன் கண்ணுக்கு மூடிக்கிடக்கிறது. அதே மாதங்களில்தான் வயலும் காடும் மிகுந்த வேகத்தில் வாயுவை உறிஞ்சுகின்றன. காவிரிப் படுகையில் சம்பாப் பயிர் பச்சை கட்டி நிற்கும் ஐப்பசி, கார்த்திகையிலோ வடகிழக்குப் பருவமழை வந்து மூடிக்கொள்கிறது. முகிலுக்கு அப்பால் வெளியேறும் காற்றைப் பிடித்து, காற்றோட்டக் கணக்கின் வழியே பின்னோக்கிப் போய் உள்ளே நடந்ததை ஊகிக்கலாமே என்பார்கள். ஊகிக்கிறார்கள். 2015 முதல் 2020 வரை நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளுக்கு அப்படிக் கணக்குப் போட்ட ஆய்வும் வந்திருக்கிறது. ஆனால் நேர்ப் பார்வை குறையக் குறைய, விடையில் ஆய்வாளரின் முன்னனுமானம் கூடிக்கொண்டே போகும். இதற்கு மாற்று, மழையிலும் இரவிலும் அளக்கக்கூடிய தரை நிலையம் ஒன்றே. புதுச்சேரிக் கடற்கரையிலும், லடாக்கின் ஹான்லேயிலும், போர்ட் பிளேரிலும் இந்திய, பிரெஞ்சு ஆய்வாளர்கள் கண்ணாடிக் குடுவைகளில் காற்றைப் பிடித்துப் பிரான்சுக்கு அனுப்பி அளந்திருக்கிறார்கள். வானத்துக் கருவிகளோடு ஒப்பிட்டால் செலவு அற்பம். அற்பம் என்பதாலேயே கவனமும் அற்பம்.

கவனமின்மை இங்கு மட்டும் உள்ள வழக்கம் அல்ல. 2022 நவம்பரில் மௌனா லோவா எரிமலை வெடித்து, எரிகுழம்பு சாலையையும் மின்கம்பியையும் அறுத்தபோது, பக்கத்து மலையான மௌனா கேயாவுக்கு ஓடி அளவீட்டைத் தொடர்ந்தார்கள். எரிமலையிடமிருந்து தப்பிய பதிவுக்கு 2025-இல் வேறு ஆபத்து வந்தது. அமெரிக்க அரசின் நிதிநிலைத் திட்டம், மௌனா லோவாவுக்கான நிதியையும், இன்னும் நன்றாக இயங்கிக்கொண்டிருந்த ஓ.சி.ஓ.-2, சர்வதேச விண்வெளி நிலையத்தில் பொருத்திய ஓ.சி.ஓ.-3 ஆகியவற்றுக்கான நிதியையும் சேர்த்தே நிறுத்த முன்மொழிந்தது. கணக்கின் இரண்டு பக்கங்களும் ஒன்றையொன்று நம்பியவை என்பது வெட்ட நினைத்தவர்களுக்கும் தெரிந்திருக்கிறது போலும். நம் நாட்டில் வெட்டுவதற்கு அறிவிப்புகூடத் தேவைப்படுவதில்லை. கோவாவின் கேப் ராமா முனையில், ஆஸ்திரேலிய ஆய்வு நிறுவனத்தின் துணையோடு 1993-இல் குடுவையில் காற்றுப் பிடிக்கத் தொடங்கினார்கள். 2002 வரை நடந்தது, பிறகு நின்றது, 2009-இல் மறுபடி தொடங்கியது. இபுகி விண்ணுக்குப் போனதும் அதே 2009-இல்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் அரபிக்கடலைத் தாண்டி அந்த முனையில் மோதிய பருவக்காற்றில் எவ்வளவு கரியமில வாயு இருந்தது என்பதற்கு அங்கே பிடித்த குடுவை ஒன்றும் இல்லை. 2005-ஆம் ஆண்டுக் காற்றைத் திரும்பப் போய் அளக்க எந்தச் செயற்கைக்கோளாலும் ஆகாது.